மோர் வேண்டாத சொற்கள்

கண்ணு,

போனில் சொல்லலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் எனக்குப் பேச்சு வராது. நான் இரண்டாவது வாக்கியத்தைத் தேடிக்கொண்டிருக்கும்போதே நீ "சரிம்மா, வெக்கறேன்" என்று வைத்துவிடுவாய். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் பாதியில் வெட்கப்பட்டு நிறுத்த முடியாது. அதற்காகவே இன்று ஆபீஸுக்கு லீவு போட்டிருக்கிறேன். உன் அப்பாவிடம் தலைவலி என்று சொல்லியிருக்கிறேன். அவர் ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போது மேசைமேல் தைலத்தை எடுத்து வைத்துவிட்டுப் போனார். அந்தத் தைலப் புட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். கல்யாணம் முடிந்து, நீ ஓசூரிலிருந்து மாற்றல் வாங்கி வந்ததும், நம் போத்தனூர் வீட்டு மாடியில் நீயும் கௌசல்யாவும் இருப்பதாகத்தான் பேச்சு. மாடிக்கு வெள்ளையடித்தாகிவிட்டது. திடீரென்று, "வேற எடத்துல ஊடு பாக்கறோம்மா" என்றாய். ஏன் என்று கேட்டேன். "அத்தை முன்னால எனக்கு வாயே வராதுங்கறா. எதைச் சொன்னாலும் தப்பாயிருமோன்னு பயமா இருக்குதாம். இதே ஊட்டுல எப்படிம்மா இருப்பா?" என்றாய். நீ கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். தயங்கித் தயங்கிச் சொன்னாய். நான் "சரி கண்ணு" என்று மட்டும் சொன்னேன். அந்தச் 'சரி'க்குப் பின்னால் நான் சொல்லாமல் விட்டதெல்லாம் இந்தக் கடிதத்தில் இருக்கிறது.

நடந்தது உனக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் நான் செய்ததை நானே ஒரு முறை எழுதிப் பார்க்க வேண்டும். அந்தியூரில் நிச்சயம் முடிந்து நாம் வேனில் திரும்பிக்கொண்டிருந்தோம். பவானி தாண்டியிருக்கும். இரண்டு குடும்பமும் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் கௌசல்யா ஆங்கிலத்தில் மூன்று வரி எழுதினாள். நம் பக்கத்து ஆட்கள் எல்லோரும் அதில் ஆங்கிலத்திலேயே வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்ததால் அவளும் ஆங்கிலத்தில் எழுத நினைத்திருக்கிறாள். இன்று 'மோர் பெர்ஃபெக்ட்' நாள் என்று ஒரு வரி. இன்றிலிருந்து நான் 'மோர் கம்ப்ளீட்' என்று ஒரு வரி. அத்தை 'மோர் யுனிக்' என்று கடைசி வரி. என்னைப் பற்றி ஒருவர் எழுதிய வரி அது. அதைப் படித்து நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். என் கண் நேராக 'மோர்' என்ற சொல்லின்மேல் போய் நின்றது. ஒன்றல்ல, மூன்று. உடனே எழுதினேன்: 'பெர்ஃபெக்ட், கம்ப்ளீட், யுனிக், இந்த மூன்றுக்கும் முன்னால் மோர் வராது கண்ணு.' பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகமும் போட்டேன். அன்பாகத்தான் எழுதுகிறேன் என்று எனக்கே தோன்றியது.

உன் பெரியப்பா மகன் விழுந்து விழுந்து சிரிக்கிற படம் ஒன்றைப் போட்டான். அதன்பின் வரிசையாகச் சிரித்தார்கள். அவள் வீட்டுப் பக்கம் யாரோ ஒருவர், "மாமியாரு இன்னைக்கே சிலேட்டு எடுத்துட்டாங்களாட்ட இருக்குது" என்று எழுதினார். எழுபது பேர் இருக்கிற குரூப். கொஞ்ச நேரத்தில் அவளுடைய மூன்று வரியும் காணாமல் போயின. அதுவரை தினமும், "அத்தை, சாப்பிட்டீங்களா? இன்னைக்கு என்ன கொழம்புங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தவள், அடுத்த நாளிலிருந்து நான் எதைக் கேட்டாலும் "சரிங்க அத்தை" என்று எழுதினாள். அதற்குமேல் ஒரு சொல் கிடையாது.

இப்போது நான் சொல்லப்போவதை உன் அப்பாவுக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை. எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சென்னிமலைப் பக்கம் மஞ்சள் காட்டு வேலைக்குப் போன குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். பன்னிரண்டாவது வரை தமிழில் படித்துவிட்டு, கல்லூரியில் ஆங்கில இலக்கியம் எடுத்தேன். மூன்று வருடமும் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு நாளும் எழுந்து கேள்வி கேட்காமலே பாஸ் பண்ணினேன். பீளமேட்டுப் பக்கம் ஒரு பம்ப் கம்பெனியில் ஏற்றுமதிப் பிரிவில் வேலை கிடைத்தது. வெளிநாட்டு ஆட்களுக்குக் கடிதம் எழுதும் வேலை. பேச வேண்டாம், எழுதினால் போதும் என்பதால் எனக்கென்றே செய்த வேலை மாதிரி இருந்தது.

ஆனால் எழுதுவதிலும் எனக்கு ஒரு கூச்சம் இருந்தது. நம் ஊர்ப் பேச்சில் ஒரு வாக்கியத்தை அப்படியே நிறுத்தினால் அது மொட்டையாக நிற்கும். 'சாப்பிட்டேன்' என்றால் சண்டைக்கு நிற்கிற மாதிரி இருக்கும், 'சாப்பிட்டேனுங்க' என்றால்தான் மனசு சமாதானமாகும். ஆங்கிலத்தில் 'எங்கள் பம்ப் ஒழுகாது' என்று எழுதினால் அப்படித்தான் மொட்டையாகத் தெரிந்தது. யாரோ ஒரு பெரிய மனிதரின் முகத்துக்கு நேராகப் பேசுவது போல இருந்தது. இந்த மொழியில் 'ங்க'வை எங்கே வைப்பது என்று தேடினேன். மோர் கிடைத்தது. எந்தச் சொல்லுக்கு முன்னால் மோர் போட்டாலும் வாக்கியம் கொஞ்சம் குனிந்து கும்பிடுகிற மாதிரி எனக்குப் பட்டது. அதனால் எல்லாவற்றுக்கும் போட்டேன். மோர் பெர்ஃபெக்ட் பேக்கிங். மோர் கம்ப்ளீட் விவரம். மோர் கரெக்ட் அளவு. மரியாதை குறைந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலையெல்லாம்.

ஒரு நாள் ஆப்பிரிக்காவிலிருந்து பம்ப் வாங்குகிற ஒருவருக்கு, புதிய ரப்பர் சீல் போட்டிருப்பதைப் பற்றி எழுதினேன். 'இனி எங்கள் பம்ப் மோர் லீக்ப்ரூஃப்' என்று எழுதினேன். அவர் பதில் சுருக்கமாக வந்தது. ஒழுகாதது என்றால் ஒழுகாதது. இப்போது அதைவிட ஒழுகாதது என்றால், இதற்கு முன் எனக்கு அனுப்பியதெல்லாம் எவ்வளவு ஒழுகும் என்று தெரிவிக்கவும். அதோடு, துறைமுகத்தில் வந்து இறங்கியிருந்த சரக்கை எடுக்காமல் நிறுத்தியும் வைத்துவிட்டார்.

மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். அவர் சத்தம் போடுகிற ஆள் இல்லை. என் கடிதத்தின் நகலை மேசைமேல் வைத்து, பென்சிலால் ஒவ்வொரு மோரையும் வட்டமிட்டுக்கொண்டே வந்தார். "அம்மணி, வெய்யக் காலந்தானுங்க, இல்லைங்கல. அதுக்காக லெட்டர் முச்சூடும் மோர் ஊத்தோணுமுங்களா?" என்றார். அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். பிறகு அவர் குரல் இறங்கியது. "ஒழுகாதுன்னா ஒழுகாதுங்க. அதுல என்னங்க கொஞ்சம், நெறைய? நீங்க மோர் போட்டதும் பழசு ஒழுகும்னு நாமளே எழுதிக் குடுத்த மாதிரி ஆயிப்போச்சு."

சிரிப்பு கிடக்கட்டும். சின்னச்சாமி அண்ணன் என்று ஒருவர் அங்கே சோதனைப் பிரிவில் இருந்தார். பம்ப் உடலுக்குள் காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிறதா என்று கண்ணை எடுக்காமல் பார்ப்பதுதான் அவர் வேலை. ஒரு குமிழி வந்தாலும் தூரப் போட்டுவிடுவார். பார்த்து முடித்த ஒவ்வொன்றுக்கும் அவர் கையெழுத்து. என் கடிதத்தால் அவரிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்டார்கள். அவர் என் மேசைக்கு வந்து நின்றார். "ஏனுங்க அம்மணி, நானு தண்ணியில போட்டுப் பாத்த ஒண்ணும் ஒழுகலீங்களே. நீங்க ஏனுங்க அப்படி எழுதிப்போட்டீங்க?" என்று கேட்டார். கோபமே இல்லை, உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். மரியாதைக்காக எழுதினேன் அண்ணா, உங்களைச் சொல்லவில்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. டைப் மிஷினைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அவர் "செரீங்க" என்று போய்விட்டார். கம்பெனி அந்த விஷயத்தைப் பிறகு சரிசெய்துவிட்டது. அவர்மேல் தவறில்லை என்றும் ஆனது. ஆனால் அவர் வேறு யூனிட்டுக்கு மாற்றல் கேட்டு வாங்கிப் போய்விட்டார். நான் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லவே இல்லை.

அந்தச் சரக்கை விடுவிக்க மறுபடி ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. அதை நானே கேட்டு வாங்கி எழுதினேன். பழைய சீலும் ஒழுகாது, புதிய சீலும் ஒழுகாது, புதியது 'லாங்கர்' நாள் உழைக்கும், அவ்வளவுதான் வித்தியாசம் என்று எழுதினேன். உழைக்கும் நாளுக்குக் கூடுதல் குறைவு உண்டு, ஒழுகாமைக்கு இல்லை. அன்றிலிருந்து ஒரு நோட்டில் இப்படிப்பட்ட சொற்களாகச் சேர்த்தேன். வீட்டில் கரண்ட் இருக்கும் அல்லது இருக்காது என்பது போன்ற சொற்கள். 'டெட்' என்றால் உயிர் இல்லை, அவ்வளவுதான். 'யுனிக்' என்றால் உலகத்தில் அது ஒன்றுதான், அதைவிட ஒன்றாக இன்னொன்று இருக்க முடியாது. 'ஈக்வல்' என்றால் தராசின் இரண்டு தட்டும் நேராக நிற்கிறது. பெர்ஃபெக்ட் என்றால் திருத்த ஒன்றும் பாக்கி இல்லை. நீயும் வேலையில் அறிக்கை எழுதுகிறாய், அதனால் சொல்கிறேன்: ஒரு சொல்லுக்கு முன்னால் மோர் போடுவதற்குமுன், இதற்குக் கடைசி என்று ஓர் இடம் இருக்கிறதா என்று கேட்டுப் பார். கடைசிக்கே போய்விட்ட சொல் என்றால் மோர் வேண்டாம். கடைசியை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் சொல்ல வந்தாய் என்றால், 'மோர் நியர்லி பெர்ஃபெக்ட்' என்று எழுது. கிட்டத்தட்ட என்று சொல்கிற அந்த 'நியர்லி' மோரின் சுமையைத் தாங்கிக்கொள்ளும். சில சொற்கள் இரண்டு பக்கமும் போகும். போன மாதம் நீ கேட்டாயே, 'ஃபுல்லர் ரிப்போர்ட்' என்று எழுதலாமா என்று. எழுதலாம். குடம் நிறைந்தால் நிறைந்ததுதான், அறிக்கையில் இன்னும் விவரம் சேர்க்க எப்போதும் இடம் இருக்கிறது. இதெல்லாம் சரியாக எழுதினால் உன் எழுத்தை நம்பி ஒருவர் கையெழுத்துப் போடலாம். தவறாக எழுதினால் வேறொருவர் தொட்டியருகில் நின்று பதில் சொல்ல வேண்டிவரும்.

இவ்வளவு கற்றுக்கொண்டேனே, இந்தத் திருத்தத்தை எங்கே எடுப்பது, எங்கே கீழே வைப்பது என்பதை மட்டும் கற்கவில்லை. நீ ப்ளஸ் டூவில் நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் இருந்தாய். நான் ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று சொல்லியிருந்ததால் ஆங்கிலத்திலேயே கடிதம் எழுதுவாய். ஒன்றில், ஞாயிற்றுக்கிழமைகளில் ஹாஸ்டல் 'மோர் எம்ப்டி' என்று எழுதியிருந்தாய். நான் என்ன செய்தேன் என்று உனக்கு நினைவிருக்கும். அந்த மோரைச் சிவப்பு மையால் அடித்து, காலி என்றால் காலிதான், அதற்குமேல் காலி கிடையாது என்று ஓரத்தில் எழுதி, உன் கடிதத்தையே உனக்குத் திருப்பி அனுப்பினேன். ஞாயிறன்று எல்லாப் பிள்ளைகளுக்கும் அப்பா அம்மா வந்து வெளியே கூட்டிப் போவார்கள். நீ மட்டும் அறையில் இருப்பாய். அதைத்தான் எழுதியிருந்தாய். காலிக்கு மேலும் ஒரு காலி உண்டு, அது உனக்குப் பதினாறு வயதில் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. அடுத்த கடிதத்திலிருந்து நீ சோறு, தேர்வு, மார்க் என்று மட்டும் எழுதினாய். பிழையே இல்லை. நான் அதைப் படித்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஞாயிறுகளில் ஆபீஸ் வேலை இருக்கிறது, வர முடியாது என்று உன்னிடம் சொன்னது பொய் கண்ணு. ஒரு முறை வந்தேனே, அன்று வராந்தாவில் மற்ற அம்மாக்கள் எல்லாம் ஆசிரியர்களிடம் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். உன் வகுப்பாசிரியை என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். பதில் என் தலைக்குள் முழுதாக இருந்தது, ஒரு பிழை இல்லாமல் இருந்தது, வாய்க்கு வரவில்லை. சிரித்துவிட்டு நகர்ந்தேன். பிறகு வராமல் இருப்பதற்குக் காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். இவ்வளவுதான் விஷயம். ஒருவர் முன்னால் வாய் வராமல் நிற்பது எப்படியிருக்கும் என்று நம் குடும்பத்தில் என்னைவிட நன்றாகத் தெரிந்த ஆள் கிடையாது. அதையே நான் கௌசல்யாவுக்குச் செய்திருக்கிறேன்.

நீ ஞாயிற்றுக்கிழமை சொன்ன பிறகுதான் அவளுடைய மூன்று வரியை மனதுக்குள் மறுபடி படித்தேன். அவளும் தமிழில் படித்தவள். ஈரோட்டில் ஆஸ்பத்திரி லேபில் வேலை, அவள் வீட்டில் அவள்தான் முதல் பட்டதாரி. எழுபது பேர் பார்க்கிற இடத்தில் அவள் ஏன் மூன்று மோர் போட்டாள் என்று எனக்குத்தானே தெரியும்? அது 'ங்க'. இன்று நல்ல நாளுங்க, எனக்கு மனசு நெறஞ்சுதுங்க, எங்க அத்தை மாதிரி யாரும் இல்லீங்க. இவ்வளவுதான் அவள் எழுதியது. இதைப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான், நானே படிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை குரூப்பில் எழுதினேன். நீயும் பார்த்தாய், 'ஏம்மா இதெல்லாம்' என்று எனக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினாய். உன் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டே, "ஆறிப்போனதை எதுக்குப் புள்ள மறுக்காக் கிளறிட்டு இருக்கறே?" என்றார். "ஆறலீங்க" என்றேன். குரூப்பில் நான் எழுதியது இதுதான்: 'நிச்சயத்தன்று கௌசல்யா மரியாதையாக எழுதியதை நான் பரீட்சைத் தாள் மாதிரி திருத்திவிட்டேன். எல்லோர் முன்னாலும் செய்த தவறு, அதனால் எல்லோர் முன்னாலும் சொல்கிறேன். மன்னித்துக்கொள் கண்ணு.' இதை எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். அன்று முழுவதும் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

இனிமேல் சொல்வதுதான் உனக்குத் தெரியாதது. நேற்றுக் காலை அவள் போன் செய்தாள். பஸ்ஸில் இருந்தாள், பின்னால் கண்டக்டர் சத்தம். "அத்தை, நீங்க அப்படியெல்லாம் எழுதோணுமுங்களா? எங்கம்மா அழுதுபோட்டாங்க" என்றாள். எனக்கு வழக்கம்போல வாய் வரவில்லை. ஆனால் இந்தத் தடவை சும்மா இருக்கக் கூடாது என்று, பம்ப் கதையைத் தத்தித் தத்திச் சொன்னேன். சின்னச்சாமி அண்ணன் வந்து நின்றதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். முடித்ததும், "எங்க லேப்லயும் அப்படித்தானுங்க அத்தை. நெகட்டிவ்னா நெகட்டிவ். மோர் நெகட்டிவ்னு எழுதிக் குடுத்தா டாக்டர் என்னைய வீட்டுக்கு அனுப்பிருவாருங்க" என்றாள். "வேலையில சரியாத்தான் எழுதறனுங்க. உங்களுக்கு எழுதறப்பத்தான் கை நடுங்கிப்போச்சு."

"இனிமே நடுங்க வேண்டாம் கண்ணு" என்றேன்.

"அப்ப ஒண்ணு கேக்கட்டுங்களா? கோயமுத்தூர்ல ரெண்டு ஆஸ்பத்திரிக்கு வேலைக்கு எழுதி வெச்சிருக்கறனுங்க. இங்கிலீஷ் சரியா இருக்குதான்னு பாத்துச் சொல்றீங்களா?" என்றவள், நான் பதில் சொல்வதற்குள், "குரூப்புல போட்டுறாதீங்க" என்றாள். அவள் சிரிப்பதா வேண்டாமா என்று தயங்குவது எனக்குக் கேட்டது. நான் சிரித்தேன். பிறகுதான் அவள் சிரித்தாள்.

கடிதத்தை அனுப்பினாள், பார்த்தேன். நன்றாகவே எழுதியிருக்கிறாள். ஓரிடத்தில் மட்டும் ஒரு சின்னச் சொல் மாறியிருந்தது. கேட்டாள், அதனால் சொன்னேன். "அது ஏனுங்க அப்படி?" என்று திருப்பிக் கேட்டாள். யோசித்துப் பார்த்தேன், "தெரியல கண்ணு, அப்படித்தான் எழுதறாங்க" என்றேன். ஆங்கிலத்தில் எனக்கு ஒன்று தெரியாது என்று நான் ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

மாடியைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. தனி வீடு என்று நீங்கள் முடிவு செய்தது செய்ததாகவே இருக்கட்டும். உன் அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், மாடிக்கு வாடகைக்கு ஆள் பார்ப்போம். போனை வைக்கப் போகும்போது, "அத்தை, சனிக்கெழமை சிங்காநல்லூர்ல ஒரு ஊடு பாக்கப் போறமுங்க. நீங்களும் வாரீங்களா?" என்று கேட்டாள். வாரேன் என்று சொல்லிவிட்டேன். அதனால் நீ அவளிடம் போய், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகலாமா என்று பக்குவமாகப் பேச்செடுக்க வேண்டியதில்லை. நான் எந்தப் பஸ்ஸில் வர வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பதுவரை அவள் சொல்லியாகிவிட்டது.

அம்மா